கோடு போட்டால் ரோடு வருமா?

சென்னையில் நின்றுகொண்டு ஏலகிரிக்கு வழி கேட்டால் கூகுள் மேப்ஸ் யோசிப்பதே இல்லை. ஸ்ரீபெரும்புதூர், ராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று தேசிய நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே ஒரே நீலக்கோடாக இழுத்துவிடும். கடைசியில் பொன்னேரியில் மலையேறும்போது 14 கொண்டை ஊசி வளைவுகள் வரும், அவ்வளவுதான். கார்க்காரருக்கு இது போதும். விடியலில் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவருக்கோ அந்தக் கடைசி ஏற்றம் மட்டும்தான் பயணம். அதற்கு முன்னால் உள்ள 200 சொச்சம் கிலோமீட்டரும் வெறும் போக்குவரத்து.

அவர் மனதில் இருக்கும் வழி வேறு. வண்டலூரில் பிரிந்து ஒரகடம், வாலாஜாபாத், காஞ்சிபுரம். அங்கே பாலாற்றைத் தாண்டி செய்யாறு, ஆரணி, போளூர். போளூரிலிருந்து அத்திமூர் வழியாக ஜவ்வாது மலை ஏறி ஜமுனாமரத்தூர். மலைமேலேயே ஓட்டிப் போனால் வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கும் காவலூர். அங்கிருந்து ஆலங்காயத்தில் இறங்கி, பொன்னேரி, ஏலகிரி. தூரம் கூடும், நேரமும் கூடும். டோல்கேட் மிச்சம் என்று யாரும் இந்த வழியில் போவதில்லை, இருசக்கர வண்டிக்கு ஏற்கெனவே அங்கே கட்டணம் கிடையாது. போவது வளைவுகளுக்காக, இரண்டு பக்கமும் வயலும் ஏரியும் வருவதற்காக, நினைத்த இடத்தில் நிறுத்தி டீ குடிப்பதற்காக.

இந்த வழியை வண்டியின் ஹேண்டில்பாரில் உட்கார்ந்திருக்கும் கருவிக்கு எப்படிப் புரியவைப்பது என்பதில்தான் சிக்கல். உலகெங்கும் பைக் ரைடர்கள் சனிக்கிழமை இரவுகளைச் செலவழிப்பது இதில்தான். கணினியில் அருமையாகக் கோடு போட்டு, ஃபைலைக் கருவியில் ஏற்றி, காலையில் கிளம்பினால், கருவி வேறெங்கோ திரும்பச் சொல்கிறது. கருவி கெட்டுவிட்டது என்று திட்டுகிறார்கள். பெரும்பாலான சமயம் கருவியில் கோளாறே இருக்காது. கொடுத்த ஃபைலில் வழியே இருந்திருக்காது, சில புள்ளிகள் மட்டும்தான் இருந்திருக்கும்.

ஃபைலுக்குள் என்ன இருக்கிறது?

வழித்தடங்களைக் கருவிக்குக் கருவி மாற்றிக்கொள்ள இன்று பொதுவாகப் புழங்குவது ஜிபிஎக்ஸ் ஃபைல். டோபோகிராஃபிக்ஸ் என்ற நிறுவனம் 2002-ல் வெளியிட்ட வடிவம் இது. 2004-ல் வந்த 1.1 பதிப்புதான் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது. நோட்பேடில் திறந்தால் கண்ணால் படிக்கலாம். உள்ளே இருக்கக்கூடியவை மூன்றே வகை.

முதலாவது வேபாயின்ட். பெட்ரோல் பங்க், டிபன் கடை, தங்கும் விடுதி என்று தனித்தனியாகக் குத்திவைத்த இடங்கள். இரண்டாவது ரூட். ஒன்றன்பின் ஒன்றாக வரிசைப்படுத்திய சில புள்ளிகள். ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் நடுவே எந்தச் சாலை என்பது அதில் எழுதப்பட்டிருக்காது. அதைக் கருவிதான் தன் வரைபடத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். மூன்றாவது ட்ராக். போன வழி முழுவதும் பொட்டுப் பொட்டாகப் பதிவான தடம். ஒரு நொடிக்கு ஒரு பொட்டு என்று பதிவு செய்தால் 6 மணி நேரப் பயணத்துக்கு 21,600 பொட்டுகள். பழைய கருவிகள் இவ்வளவைப் பார்த்தால் திணறும், பொட்டுகளைக் குறைத்துத்தான் ஏற்ற வேண்டும்.

ரூட்டுக்கும் ட்ராக்குக்கும் உள்ள இந்த வேறுபாட்டை அறியாததால் வரும் வம்புதான் அதிகம். ட்ராக் மாறவே மாறாது. போட்ட கோடு போட்டபடி திரையில் கிடக்கும், ஆனால் பல கருவிகள் அதை வைத்துக்கொண்டு "200 மீட்டரில் இடதுபுறம் திரும்பவும்" என்று குரல் கொடுக்காது. ரூட் குரல் கொடுக்கும், ஆனால் தன் இஷ்டத்துக்கு மாறும். கணினியில் ஓபன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தின் மீது திட்டமிட்டு, கார்மின் கருவியில் அதன் சொந்த வரைபடத்தின் மீது இறக்கினால், இரண்டு வரைபடங்களும் சாலையின் தரத்தையும் வேகத்தையும் வேறுவேறாக நினைத்துக்கொண்டிருக்கும். அங்கே 'விரைவான வழி', இங்கே 'குறைந்த தூரம்' என்று அமைப்பு இருந்தால் சொல்லவே வேண்டாம்.

இன்னொரு விபரீதமும் உண்டு. கூகுள் மை மேப்ஸில் போட்ட வழி கேஎம்எல் ஃபைலாகத்தான் வெளியே வரும். கேஎம்எல் தீர்க்கரேகையை முதலில் எழுதும், அட்சரேகையை அடுத்து எழுதும். வழக்கமாக நாம் சொல்வது இதற்கு நேர்மாறு. மாற்றிக் கொடுக்கும் மென்பொருளோ கையால் தட்டச்சு செய்கிறவரோ இதில் தடுமாறினால், 12.57 வடக்கு, 78.82 கிழக்கு என்று இருக்கும் காவலூர், 78.82 வடக்கு, 12.57 கிழக்கு ஆகிவிடும். அந்த இடம் இருப்பது வட துருவத்துக்குப் பக்கத்தில், நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில். இந்தியா 2008-ல் ஹிமாத்ரி ஆய்வு நிலையத்தைத் திறந்த நீ-ஆலசுண்ட் அங்கிருந்து கூப்பிடு தூரம் இல்லை என்றாலும், 20 கிலோமீட்டருக்குள்தான். ஆலங்காயம் பக்கம் போக வேண்டியவருக்குப் பனியாற்றின் மீது வழி காட்டும் கருவி கிடைக்கும். இறக்கியதும் வரைபடத்தை முழுதாகச் சுருக்கி ஒரு பார்வை பார்த்தால் இது உடனே தெரிந்துவிடும்.

புள்ளி வைக்கும் கலை

ஏலகிரி வழிக்கே வருவோம். சென்னை, போளூர், காவலூர், ஏலகிரி என்று நான்கே புள்ளிகள் கொடுத்தால் என்ன ஆகும்? போளூர் வரைக்கும் எந்த வழி என்பதைக் கருவி முடிவு செய்யும், அது வேலூரைச் சுற்றலாம். போளூரிலிருந்து காவலூருக்கு மலைச்சாலை மெதுவானது என்று தோன்றினால் செங்கம், திருப்பத்தூர் வழியாகச் சமவெளியிலேயே சுற்றிக்கொண்டு ஆலங்காயம் பக்கமிருந்து ஏற்றிவிடலாம். ரைடர் எதற்காகக் கிளம்பினாரோ அந்த அத்திமூர் ஏற்றம் காணாமல் போகும்.

சரி என்று பயந்துகொண்டு கிலோமீட்டருக்கு ஒரு புள்ளி என 200 புள்ளிகளைத் தெளித்தாலும் ஆபத்துதான். அவற்றில் ஏதாவது ஒன்று சாலையை விட்டு 20 மீட்டர் தள்ளி, யாரோ ஒருவர் வீட்டுச் சந்தில் விழுந்திருக்கும். கருவி விடாது. அந்தச் சந்துக்குள் போய்த் திரும்பி வரச் சொல்லும்.

நடுவழி இதுதான்: கருவி எங்கெல்லாம் வேறு சாலையை விரும்பக்கூடுமோ, அங்கெல்லாம் மட்டும் ஒரு புள்ளி. ஒரகடத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் இடையே ஒன்று. காஞ்சிபுரத்தைத் தாண்டிச் செய்யாறு சாலையில் ஒன்று. ஆரணி, போளூர் இடையே ஒன்று. அத்திமூருக்கு மேலே மலைச்சாலையில் ஒன்று, ஜமுனாமரத்தூருக்கும் காவலூருக்கும் நடுவே ஒன்று, ஆலங்காயத்துக்குக் கீழே ஒன்று. பத்துக்குள் முடிந்துவிடும்.

புள்ளியை ஊருக்குள்ளோ நான்குமுனைச் சந்திப்பிலோ வைக்கக்கூடாது. சந்திப்பில் வைத்த புள்ளி எந்தச் சாலையைச் சேர்ந்தது என்று கருவிக்குத் தெரியாது. போளூர் பேருந்து நிலையத்தில் வைத்தால், பைபாஸில் போகிறவரையும் ஊருக்குள் இழுத்துப்போய்ச் சந்தைக்கடையில் நிறுத்தும். இரண்டு ஊர்களுக்கு நடுவே, கிளைச்சாலை எதுவும் இல்லாத நேர்ச்சாலையில் வைத்தால் தகராறு இல்லை.

நடுவே தடுப்புள்ள நெடுஞ்சாலையில் இன்னும் கவனம் வேண்டும். நன்றாகப் பெரிதாக்கிப் பார்த்து, நாம் போகும் பக்கத்தில்தான் புள்ளி விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எதிர்ப்பக்கம் விழுந்தால், அடுத்த யு-டர்ன் வரை போய்த் திரும்பி, அந்தப் புள்ளியைத் தொட்டு, மறுபடி யு-டர்ன் எடுத்து வரச் சொல்லும். மேம்பாலமும் சர்வீஸ் ரோடும் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடும் இடங்களிலும் இதே கதைதான்.

கார்மின் கருவிகளில் புள்ளிகளுக்குள்ளேயே இரண்டு சாதி. வியா பாயின்ட் என்பது நின்று போகும் இடம். வந்துவிட்டது என்று அறிவிக்கும், தொடாமல் தாண்டினால் திரும்பிப் போகச் சொல்லி உயிரை எடுக்கும். ஷேப்பிங் பாயின்ட் என்பது வழியை வளைப்பதற்கு மட்டும், ஓட்டுகிறவரிடம் வாயே திறக்காது. சாப்பாட்டுக் கடைக்கும் பெட்ரோலுக்கும் முதல் வகை, மற்ற எல்லாவற்றுக்கும் இரண்டாவது வகை என்று வைத்துக்கொண்டால் பாதித் தொல்லை தீரும். சாலை மூடியிருந்து ஒரு வியா பாயின்ட்டைத் தவறவிட்டால், திரையில் அதைத் தாண்டிப் போகச் சொல்லும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று கிளம்புவதற்கு முன்பே பார்த்துவைத்துக்கொள்வது நல்லது. கிளவுஸ் போட்ட கையோடு நடுரோட்டில் தேடும் வேலை அல்ல அது.

வழி போடுவதற்கான மென்பொருள்களைப் பற்றி ஒரு வார்த்தை. கார்மினின் பேஸ்கேம்ப் இலவசம், ஆனால் வயதாகிவிட்டது, பழகுவதற்குள் பொறுமை போய்விடும். நெதர்லாந்தின் மைரூட்-ஆப், ஒரே வழியை வெவ்வேறு வரைபடங்களின் மீது போட்டுக் காட்டும். கருவியில் எது எப்படி மாறும் என்பது முன்கூட்டியே தெரிவதால், கட்டணம் கொடுத்தும் ஐரோப்பிய ரைடர்கள் இதை வைத்திருக்கிறார்கள். ஜெர்மனியின் குர்விகர், கலிமோட்டோ இரண்டும் ஒரு படி மேலே போய், வளைவு அதிகமுள்ள சாலைகளைத் தாங்களே தேடிக் கொடுக்கும். தமிழ்நாட்டில் புதிதாகத் தொடங்குகிறவருக்கு குர்விகரே போதும். அது தேர்ந்த சாலை தார்ச்சாலைதானா என்பதை மட்டும் செயற்கைக்கோள் படத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

கருவியா, போனா?

பைக்குக்கென்றே தனிக் கருவி என்பது 2006 வாக்கில் சூடுபிடித்த சந்தை. கார்மினின் சூமோ வரிசை அந்த ஆண்டு 550 மாடலோடு தொடங்கியது. டாம்டாம் நிறுவனத்தின் ரைடர் வரிசை போட்டிக்கு நின்றது. மழை தாங்கும், கிளவுஸோடு தொடலாம், உச்சி வெயிலிலும் திரை தெரியும். ஆல்ப்ஸ் மலையில் 2,757 மீட்டர் உயர ஸ்டெல்வியோ கணவாயின் 48 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுகிறவர்களுக்காகச் செய்த சாமான்கள் இவை. விலையும் அதற்கேற்றாற்போல.

நம் ஊரில் பெரும்பாலானோர் கையில் இருப்பது போன்தான். ஒரகடத்தில் ஆலை வைத்திருக்கும் ராயல் என்ஃபீல்டு 2020-ல் மீட்டியார் 350-ல் ட்ரிப்பர் என்ற குட்டி வட்டத்திரையைக் கொண்டுவந்தது. அம்புக்குறி மட்டும் காட்டியது. 2023-ல் வந்த ஹிமாலயன் 450-ல் முழு வரைபடமே வட்டத்திரையில் விரிகிறது. உள்ளே ஓடுவது கூகுள் மேப்ஸ். 2018-லேயே டிவிஎஸ் என்டார்க் ஸ்கூட்டர், மேப்மைஇந்தியா துணையோடு திருப்பங்களைக் காட்டத் தொடங்கிவிட்டது.

கூகுள் மேப்ஸின் குறை ஒன்றுண்டு. 2017 டிசம்பரில் இந்தியாவுக்கென்றே இருசக்கர வாகன வழியைத் தந்த அந்தச் செயலி, ஜிபிஎக்ஸ் ஃபைலை வாங்கிக்கொண்டு வழிகாட்டாது. இடையில் சில நிறுத்தங்களைச் சேர்க்கலாம், அதற்கும் ஒரு வரம்பு உண்டு. இடையில் நெரிசல் என்று தோன்றினால் தன் போக்கில் வழியை மாற்றவும் செய்யும். ஆகவே ஃபைலை நம்பி ஓட்டுகிறவர் போனில் ஆஸ்மண்ட் அல்லது ஆர்கானிக் மேப்ஸ் வைத்துக்கொள்வது உத்தமம். இரண்டும் ஜிபிஎக்ஸைத் திறக்கும். வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும். ஆஸ்மண்ட், ட்ராக்கை வைத்துக்கொண்டே திருப்பங்களையும் சொல்லும்.

மலையில் டவர் இல்லையே, ஜிபிஎஸ் வேலை செய்யுமா என்று இன்னும் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். செய்யும். செயற்கைக்கோள் சமிக்ஞைக்கு சிம் கார்டு தேவையில்லை, வரைபடத்துக்குத்தான் டேட்டா தேவை. துல்லியமும் இன்று கவலைப்படும் விஷயமாக இல்லை. 2000-ம் ஆண்டு மே 2-ம் தேதி வரை அமெரிக்கா பொதுமக்களுக்கான சமிக்ஞையை வேண்டுமென்றே மங்கலாக்கி வைத்திருந்தது. 100 மீட்டர் வரை பிழை இருந்த அந்தக் காலத்தில், கொல்லிமலையின் 70 வளைவுகளில் எந்த வளைவில் நிற்கிறோம் என்பதையே கருவியால் சொல்லியிருக்க முடியாது.

போனை மவுண்டில் மாட்டுகிறவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். பெரிய இன்ஜின் பைக்குகளின் அதிர்வு கேமராவின் நிலைப்படுத்தும் அமைப்பைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-ல் எச்சரித்தது. அதிர்வு தாங்கி உள்ள மவுண்ட் அவசியம். பழைய போன் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கிவிடுவது அதைவிட மலிவான ஏற்பாடு. சட்டச் சிக்கல் இல்லை. மோட்டார் வாகன விதிகளில் 2020 அக்டோபரில் வந்த திருத்தம், ஓட்டுபவரின் கவனத்தைச் சிதறடிக்காத வகையில் வழி பார்ப்பதற்கு மட்டும் போனைப் பயன்படுத்த அனுமதிக்கிறது. கையில் பிடித்துக்கொண்டு பேசினால் அபராதம்தான்.

ஃபைலுக்குத் தெரியாத சாலைகள்

எவ்வளவு ஒழுங்காகப் புள்ளி வைத்தாலும், சாலை திறந்திருக்கிறதா என்பது ஜிபிஎக்ஸுக்குத் தெரியாது. தமிழ்நாட்டின் நல்ல பைக் சாலைகளில் பாதி, காட்டுக்குள் ஓடுபவை. அங்கே கடிகாரமும் செக்போஸ்ட்டும்தான் ராஜா.

முதுமலை, பந்திப்பூர் வழியே இரவு 9 முதல் காலை 6 வரை வண்டிகளுக்குத் தடை. 27 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட திம்பம் மலைச்சாலையிலும் 2022 முதல் இரவுக் கட்டுப்பாடு. ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக 36 வளைவுகளில் மசினகுடிக்கு இறங்க வெளியூர் வண்டிகளை விடுவதில்லை. 2018-ல் நடந்த விபத்துக்குப் பிறகு வந்த கெடுபிடி இது. மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறுவதற்காகப் போட்ட ஃபைலை, திரும்பி வரும்போது 'ரிவர்ஸ்' என்று ஒரு தட்டுத் தட்டி ஓட்டலாம் என்று நினைப்பவர் தலைக்குந்தாவிலேயே நிறுத்தப்படுவார். கோடை சீசனில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஏற்றி, கோத்தகிரி வழியாக இறக்குவார்கள். பிப்ரவரியில் சரியாக இருந்த ரூட் மே மாதத்தில் செல்லாது. வெளியூர் வண்டிகளுக்கு நீலகிரியிலும் கொடைக்கானலிலும் 2024 மே 7 முதல் இ-பாஸ் வேறு. வால்பாறையிலிருந்து மளுக்கப்பாறை வழியாக அதிரப்பள்ளிக்கு இறங்குகிறவர், பைக்குகளை எத்தனை மணி வரை விடுகிறார்கள் என்று முதல் நாளே விசாரிக்க வேண்டும், மழைக்காலத்தில் அறவே நிறுத்தியும் விடுவார்கள்.

விரைவுச்சாலைகள் இன்னொரு கண்ணி. பெங்களூரு-மைசூரு விரைவுச்சாலையின் பிரதான தடத்தில் 2023 ஆகஸ்ட் 1 முதல் பைக்குகளுக்கு அனுமதியில்லை, சர்வீஸ் ரோட்டில்தான் போக வேண்டும். காருக்கான அமைப்பில் போட்ட ரூட் இதையெல்லாம் பார்க்காது. திட்டமிடும் மென்பொருளிலும் கருவியிலும் வாகன வகை மோட்டார் சைக்கிள் என்று இருக்கிறதா என்பது முதலில் பார்க்க வேண்டிய அமைப்பு.

2024 ஜனவரியில் கூடலூரில், கூகுள் மேப்ஸ் காட்டிய வழியை நம்பிப் போன கார் ஒன்று குடியிருப்புப் படிக்கட்டில் போய் மாட்டிக்கொண்டது. அது சிரித்துவிட்டுப் போகிற செய்தி. அதே ஆண்டு நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி அருகே, முழுதாக இல்லாத பாலத்தின் மீது ஏறிய கார் ராம்கங்கா ஆற்றுப்படுகையில் விழுந்து மூவர் இறந்தார்கள். பாலத்தின் ஒரு பகுதி வெள்ளத்தில் போனது வரைபடத்தில் ஏறியிருக்கவில்லை, பாலத்தின் முகப்பில் முறையான தடுப்பும் இல்லை. இருட்டியபின் தெரியாத சாலையில் திரை சொல்வதைக் கேட்டு வேகமெடுப்பது இரண்டு சக்கரத்துக்கு இன்னும் மோசம்.

கிளம்புவதற்கு முதல் நாள் இரவு செய்ய வேண்டியது

ஃபைலை ஏற்றும் வேலை சின்னதுதான். சூமோ போன்ற கருவியில் கார்மின் ஃபோல்டருக்குள் இருக்கும் ஜிபிஎக்ஸ் ஃபோல்டரில் போட்டு, ட்ரிப் பிளானரில் இறக்கிக்கொள்ள வேண்டும். போனில் என்றால் வாட்ஸ்அப்பில் வந்த ஃபைலையே செயலியில் திறந்துவிடலாம். இறக்கிய பிறகு செய்வதுதான் முக்கியம். கருவி காட்டும் மொத்த தூரத்தையும் கணினி காட்டிய தூரத்தையும் ஒப்பிட வேண்டும். 10, 15 கிலோமீட்டர் வித்தியாசம் வந்தாலே எங்கோ வழி மாறியிருக்கிறது என்று பொருள். எங்கே என்று கண்டுபிடிக்க ஓர் எளிய உபாயம் உண்டு. கணினியில் போட்ட அதே வழியை ட்ராக்காகவும் சேர்த்து ஏற்றி, வேறு நிறத்தில் திரையில் காட்டச் சொல்ல வேண்டும். இரண்டு கோடுகளும் பிரியும் இடத்தில் இன்னொரு ஷேப்பிங் பாயின்ட் வைத்தால் தீர்ந்தது. சாலையில் போகும்போதும் ரூட் குழம்பினால் ட்ராக் கோடு கண்முன் கிடக்கும்.

வழியிலிருந்து விலகியதும் தானாக மறுகணக்குப் போடும் அமைப்பை அணைத்துவிட வேண்டும், அல்லது கேட்டுவிட்டுச் செய்யும்படி வைக்க வேண்டும். இதில் மட்டும் இந்தக் கட்டுரை பிடிவாதமாக இருக்கிறது. டீக்கடைக்கு ஒதுங்கியதற்கெல்லாம் கருவி மொத்த வழியையும் மாற்றி எழுதிவிடுவது இந்த ஓர் அமைப்பால்தான்.

கூட்டமாகப் போகிறவர்கள் ஒரே ஃபைலை எல்லோருக்கும் அனுப்பினால் போதாது. ஒவ்வொரு கருவியும் தன் கணக்கைப் போடும் என்பதால், பத்துப் பேரிடம் மூன்று விதமான வழிகள் இருக்கும். முன்னால் போகும் லீட் ரைடரிடமும் கடைசியில் வரும் ஸ்வீப்பிடமும் உள்ள வழி ஒன்றுதானா என்றாவது பார்த்துவிட வேண்டும். சேர்ந்து நிற்கும் இடங்களை வேபாயின்ட்டாக, ஆங்கில எழுத்தில் பெயரிட்டு அனுப்புவது பாதுகாப்பு. தமிழ் எழுத்துரு இல்லாத கருவிகளில் ஊர்ப்பெயர் வெறும் கட்டங்களாகத் தெரியும்.

கடைசியாக, ரைடர்களுக்கு ஒரு வேண்டுகோள். குர்விகர், ஆஸ்மண்ட், ஆர்கானிக் மேப்ஸ் எல்லாம் நம்பியிருக்கும் ஓபன்ஸ்ட்ரீட்மேப், 2004-ல் தொடங்கியதிலிருந்து பொதுமக்கள் கையால் வளர்ந்த வரைபடம். யார் வேண்டுமானாலும் அதில் கணக்குத் தொடங்கித் திருத்தலாம். ஜவ்வாது மலைச் சாலை எங்கே சிமென்ட், எங்கே கப்பி, எந்த இடத்தில் வனத்துறைக் கதவு என்பதெல்லாம் அங்கே ஓட்டிப் போனவருக்குத்தான் தெரியும். ஆண்ட்ராய்டு போனில் ஸ்ட்ரீட்கம்ப்ளீட் என்ற செயலியைப் போட்டுக்கொண்டால், 'இந்தச் சாலை என்ன தரை?' என்று அதுவே கேட்கும், நாம் பதிலைத் தொட்டால் போதும். அடுத்த முறை ஜமுனாமரத்தூரில் டீக்கு நிறுத்தும்போது நாலு கேள்விக்காவது பதில் போட்டுவிட்டு வாருங்கள்.